சட்டம் தடுத்த பந்து

பிரேசில் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு மஞ்சள் சட்டையும் பெலேயும்தான் நினைவுக்கு வருவர். 1958, 1962, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளில் அந்நாட்டு ஆடவர் உலகக் கோப்பையை வென்று வந்தனர். ஊர்தோறும் மக்கள் தெருவில் ஆடிப் பாடினர். அம்மூன்று வெற்றிகளின்போதும் அதே நாட்டில் பெண்கள் கால்பந்து ஆடுவது தடைசெய்யப்பட்டிருந்தது என்ற செய்தி மட்டும் நம் காதுக்கு எட்டவேயில்லை.

1941 ஏப்ரல் 14 அன்று, கெத்தூலியோ வர்காஸ் ஆட்சியில் 3199 என்னும் எண்ணுடைய ஆணைச்சட்டம் பிறந்தது. விளையாட்டுத் துறையை ஒழுங்குபடுத்த வந்த அச்சட்டத்தின் 54ஆம் பிரிவு, பெண்மையின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளில் பெண்கள் ஈடுபடலாகாது என்று விதித்தது. எவை ஒவ்வாதவை என்பதை அன்று பெயரிட்டுச் சொல்லவில்லை. 1965இல் தேசிய விளையாட்டு மன்றம் அந்தக் குறையையும் தீர்த்து வைத்தது: மற்போர், பளு தூக்குதல், ரக்பி முதலியவற்றோடு திடல், அரங்கு, கடற்கரை ஆகிய எங்கும் ஆடப்படும் கால்பந்தும் பட்டியலில் ஏறியது. மணலில் ஆடும் பந்தைக்கூட மறக்காத கவனத்தை என்னவென்பது!

இத்தடை வெற்றிடத்தில் தோன்றியதன்று. ரியோ நகரின் புறநகர்ப் பகுதிகளில் பெண்கள் அணிகள் ஏற்கெனவே முளைத்திருந்தன. 1940இல் சாவோ பவுலோவில் புதிதாகத் திறக்கப்பட்ட பக்காயெம்பு அரங்கில் அவ்வணிகள் ஆடிக் காட்டின. அதே ஆண்டில், இவ்விளையாட்டு வருங்காலத் தாய்மாரின் உடலைக் கெடுத்துவிடும் என்று அஞ்சிய குடிமகன் ஒருவர் குடியரசுத் தலைவருக்கே முறையீடு எழுதினார். மருத்துவர் சிலரும் அக்கருத்தை ஆமோதித்தனர். மறு ஆண்டு சட்டம் வந்தது.

தாய்மையைக் காக்கவே தடை என்றனர். நாம் இங்குச் சற்று நின்று எண்ண வேண்டியிருக்கிறது. அந்நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் ஏழைப் பெண்கள் கரும்பு வெட்டினர். தொலைவிலிருந்து தண்ணீர் சுமந்தனர். பிறர் வீட்டுத் துணிகளை மூட்டை மூட்டையாக வெளுத்தனர். அச்சுமைகள் யாவும் பெண்மையின் இயல்புக்கு ஒத்தவையாகவே ஊராருக்குத் தோன்றின. மாலையில் ஒரு மணி நேரம் மகிழ்ச்சிக்காக ஓடுவதுதான் இயல்புக்கு மாறானதாயிற்று. உழைக்கும் உடலைப் பற்றி எழாத கவலை, விளையாடும் உடலைப் பற்றி எழுந்தது.

இது பிரேசிலின் தனிக் குற்றமன்று. முதல் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் தொழிற்சாலைப் பெண்கள் ஆடிய கால்பந்து, அறப்பணிகளுக்குப் பெரும் பணம் திரட்டித் தந்தது. 1920 டிசம்பரில் லிவர்பூல் நகரில் பிரெஸ்டன் தொழிற்சாலைப் பெண்களின் ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் கூடினர். மறு ஆண்டே கால்பந்துச் சங்கம் தன் திடல்களைப் பெண்களுக்கு மூடியது. மீண்டும் திறக்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

பிரேசிலுக்குத் திரும்புவோம். 1958 டிசம்பரில், பெலேயின் அணி கோப்பையுடன் திரும்பிய அதே ஆண்டில், மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்து அராகுவாரி என்னும் சிற்றூரில் ஒரு பள்ளிக்கு நிதி திரட்டுவதற்காகச் சிறுமியர் அணி ஒன்று களமிறங்கியது. மக்கள் திரண்டு வந்து கண்டனர். அண்டை நகரங்கள் அழைத்தன. ஓராண்டு முடிவதற்குள் தடைச்சட்டம் அவர்களையும் எட்டியது. அணி கலைந்தது.

ஆயினும் சட்டத்தால் அரங்குகளைப் பூட்ட முடிந்ததேயன்றி, முற்றங்களைப் பூட்ட முடியவில்லை. 1967இல் பாஹியா மாநிலத்தில் பிறந்த சிசி, பந்து கிடைக்காதபோது தன் பொம்மைகளின் தலையைக் கழற்றி உதைத்து விளையாடியவர். தாய்மைக்குப் பழக்குவதற்கென்று தந்த பொம்மை அவ்வாறு பயன்பட்டது! அச்சிறுமியே 1999 உலகக் கோப்பையில் ஏழு கோல்கள் அடித்து, அதிக கோல் அடித்தோருக்கான விருதைச் சீன வீராங்கனையோடு பகிர்ந்துகொண்டார்.

1979இல் தடை நீங்கியது. ஆனால் தடை நீங்கிய மறுநாளே திடல் முளைத்துவிடுவதில்லை. ஆட்டத்துக்கான முறையான விதிகள் 1983இல்தான் வந்தன. தொடக்க ஆண்டுகளில் தேசிய அணிப் பெண்கள் ஆடவருக்கென்று தைத்த தொளதொள சட்டைகளையே அணிந்து ஆடினர். வறுமையும் ஊர்வாயும் சட்டத்தைவிட நீண்ட ஆயுள் உடையவை.

1986இல் அலகோவாஸ் மாநிலத்தின் வறண்ட உட்பகுதியில், தொயிஸ் ரியாச்சோஸ் என்னும் சிற்றூரில் பிறந்த மார்த்தாவின் கதை அதற்குச் சான்று. அவர் கைக்குழந்தையாய் இருக்கையில் தந்தை குடும்பத்தைவிட்டுச் சென்றார். தாய் உழைத்து நான்கு பிள்ளைகளை வளர்த்தார். சிறுவர்களோடு ஒரே பெண்ணாய் ஆடிய மார்த்தாவை ஊர் ஏசியது. போட்டியொன்றில், இப்பெண் ஆடினால் தம் அணியை விலக்கிக்கொள்வதாக எதிரணிப் பயிற்சியாளர் மிரட்டியதுண்டு. பதினான்காம் வயதில் மூன்று நாள் பேருந்துப் பயணம் செய்து ரியோவின் வாஸ்கோ ட காமா கழகத்தை அடைந்தார். சில ஆண்டுகளில் அக்கழகம் தன் பெண்கள் அணியையே கலைத்துவிட்டது. 2004இல் அவருக்கு வாழ்வளித்தது தொலைதூர ஸ்வீடன். பெலே முதல் கோப்பையை ஏந்திய அதே நாடு. பெலே கோப்பையுடன் நாடு திரும்பினார், மார்த்தாவோ பிழைப்புக்காக அங்கே தங்கினார். பின்னர் ஆறு முறை உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வு பெற்றார். உலகக் கோப்பைகளில் 17 கோல்கள் அடித்து, அதுவரை ஆடவர் எவரும் எட்டியிராத எண்ணிக்கையை 2019இல் எட்டினார். அதன் பின்னரே, 2020 செப்டம்பரில், தேசிய அணியில் ஆடும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே படி வழங்குவதாக அந்நாட்டுக் கூட்டமைப்பு அறிவித்தது. 2027 உலகக் கோப்பையை நடத்தும் பொறுப்பு பிரேசிலுக்கு 2024இல் கிடைத்தது.

இவ்வரலாற்றில் நம் மனத்தை மிகவும் தொடுபவர் வேறொருவர். ஃபோர்மிகா என்றால் போர்த்துகீசிய மொழியில் எறும்பு. அப்பெயரால் உலகறிந்த அவர், தடை நீங்குவதற்கு ஓராண்டு முன்னர், 1978இல் சால்வதோர் நகரில் பிறந்தவர். அதாவது, ஆடத் தடைசெய்யப்பட்டவராகவே பிறந்தவர். தெருவில் பந்தாடியதற்காகத் தமையன்மார் தம்மை அடித்ததைப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். 1995 முதல் 2019 வரை ஏழு உலகக் கோப்பைகளில் ஆடினார். 2021 நவம்பர் 25 அன்று, அமேசான் பகுதியிலுள்ள மனாவுஸ் நகரில், 43ஆம் வயதில் நாட்டுக்கான தம் இறுதி ஆட்டத்தை ஆடினார்.

அன்று எதிரே நின்றது இந்திய அணி. பிரேசில் ஆறு கோல்கள் அடித்தது, இந்தியா ஒன்று. அந்த ஒன்றை அடித்தவர் பஞ்சாப் கிராமம் ஒன்றிலிருந்து வந்த பத்தொன்பது வயது மனீஷா கல்யாண். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆவதற்கு முன்பே அடித்த கோல் அது. சற்று நேரத்துக்கு இரு நாடுகளும் சமநிலையில் நின்றன.