வெளியே ஒரு கூண்டு, உள்ளே ஒரு கூண்டு

காட்டுப்பாதைக்கும் பாறைச் சரிவுக்கும் போகிற வண்டிக்கு, உருண்டால் ஆட்களைக் காக்கும் குழாய்க்கூண்டான ரோல் கேஜ் போடுவதென்று முடிவானால் பேச்சு உடனே குழாயின் கனத்துக்குப் போய்விடுகிறது. இரண்டு மில்லிமீட்டர் போதுமா, மூன்று வேண்டுமா, சாதா எஃகா, குரோமோலியா என்று பட்டறையில் மணிக்கணக்காக விவாதம் நடக்கும். அதற்கெல்லாம் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கூண்டு பாடிக்கு உள்ளே நிற்கப்போகிறதா, வெளியே நிற்கப்போகிறதா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் குழாய், வளைவு, வெல்டிங், சீட், பெல்ட் எல்லாமே அதன் பின்னால் வரிசையாக அமைந்துவிடும்.

உள்கூண்டின் உயிர், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தரையிலிருந்து எழுந்து கூரையை ஒட்டி வளைந்து மறுபக்கத் தரையில் இறங்கும் மெயின் ஹூப். அதிலிருந்து முன்கண்ணாடித் தூண்களை ஒட்டி இரண்டு கால்கள் முன்னால் இறங்கும், இரண்டு தாங்குகுழாய்கள் பின்னால் சாயும். வெளிக்கூண்டு முன் பம்பரிலோ, கதவுகளுக்குக் கீழே பக்கவாட்டில் ஓடும் ராக் ஸ்லைடர் குழாயிலோ தொடங்கி, தூண்களுக்கு வெளியே ஏறி, கூரைக்கு மேலே ஓடி, பின் பம்பரில் முடியும். வண்டி சாயும்போது தரையை முதலில் தொடுவது தகரமா, குழாயா என்பதில் இரண்டும் பிரிகின்றன.

வெளிக்கூண்டில் தொடுவது குழாய். மெதுவாக ஏறும்போது ஒரு சக்கரம் தவறி வண்டி பக்கவாட்டில் படுத்துக்கொண்டால், கதவு நசுங்காது, கூரை விளிம்பு மடங்காது, பெரும்பாலும் கண்ணாடிகூட உடையாது. வின்ச் போட்டு நிமிர்த்தி, ஆயில் பார்த்துவிட்டு மேலே போகலாம். உள்கூண்டுள்ள வண்டி அதே இடத்தில் படுத்தால் ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பாடி நசுங்கும், கதவு திறக்காமல் சிக்கிக்கொள்ளலாம். பாறை ஏறுகிறவர்களுக்கு வெளிக்கூண்டின் மேல் இருக்கும் பிரியம் இதனால்தான். அந்தப் பிரியத்தில் நியாயமும் இருக்கிறது.

வேகம் கூடினால், உருளும்போது கூரையில் விழும் சுமையும் கூடி, கணக்கு மாறிவிடும். அமெரிக்காவில் 2009-ல் திருத்திய கூரை விதி, சுமையோடு சேர்த்த மொத்த எடை 2,722 கிலோ வரையுள்ள வண்டிகளின் கூரை, வண்டியின் சுமையில்லா எடையைப்போல் மூன்று மடங்கைத் தாங்க வேண்டும் என்கிறது. அதற்கு முன்பு ஒன்றரை மடங்கு போதும் என்றிருந்தது. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. தன் சான்று பெறும் கூண்டின் மெயின் ஹூப்பிடம் கேட்பது, வண்டியின் எடையோடு 150 கிலோவைக் கூட்டி அதைப்போல் ஏழரை மடங்கு. 1,500 கிலோ வண்டிக்கு அது பன்னிரண்டு டன்னுக்கும் மேல். இந்த அளவு சுமையைத் தாங்கும் வடிவத்தை உள்ளே கட்டிவிடலாம். வெளியே கட்டுவது மிகக் கடினம். ஏன் என்பதுதான் இந்த ஒப்பீட்டின் மையம்.

நான்கு கட்டைகளை ஆணியடித்துச் செய்த சதுரத்தின் மூலையை அழுத்தினால் அது சாய்ந்து படுத்துவிடும். குறுக்கே ஒரு கட்டை அடித்துவிட்டால் அசையாது. கூண்டுக்கும் அதே கதைதான். மெயின் ஹூப்பின் ஒரு மேல்மூலையிலிருந்து எதிர்க் கீழ்மூலைக்கு இறங்கும் குறுக்குக் குழாய், இருக்கைக்குப் பின்னால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருக்கும். கதவுப் பகுதியிலும் கூரைக்கடியிலும் அப்படிக் குறுக்குக் குழாய்கள் சேர்க்க இடமுண்டு. வெளிக்கூண்டில் குறுக்குக் குழாய் போடப் போனால் முன்கண்ணாடியை மறைக்கும், கதவைத் திறக்கவிடாது, பின்கதவைப் பூட்டிவிடும். கூரைக்கு மேலே மட்டும் ஒரு எக்ஸ் போடலாம். மற்றபடி அது செவ்வகங்களின் தொகுப்பு. மேலிருந்து நேராக வரும் சுமையை நன்றாகத் தாங்கும், பக்கவாட்டுத் தள்ளலில் மூட்டுகள் மடங்கும். சரிவில் உருளும் வண்டிக்குப் பெரும்பாலும் வருவது பக்கவாட்டுத் தள்ளல்தான். மூலைகளில் தகட்டு முக்கோணங்கள் வைத்து வெல்டிங் செய்வது ஓரளவுக்குக் கைகொடுக்கும், குறுக்குக் குழாய்க்கு ஈடாகாது.

கவனித்துப் பார்த்தால் இன்னொரு வேறுபாடும் புலப்படும். அதைப் பலரும் பேசுவதில்லை. வெளிக்கூண்டு ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது. பாறையில் உரசுகிறது, மரத்தில் இடிக்கிறது, ஒவ்வொரு முறை படுக்கும்போதும் எங்காவது ஒடுக்கு விழுகிறது. ஒடுக்கு விழுந்த குழாய் பார்க்க முழுதாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த பெரிய சுமையில் அந்த ஒடுக்கிலேயே மடியும். உள்கூண்டின் குழாய்கள் பாடியின் நிழலில் இருக்கின்றன. தேவைப்படும் நாளில் அவை கட்டிய அன்றிருந்த பலத்தோடு நிற்கும்.

குழாய்த் தேர்வையும் இதுவே தீர்மானிக்கிறது. குரோமோலி என்பது குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த 4130 எஃகு. சாதா எஃகைவிட அது இலேசு என்று பலர் நம்புகிறார்கள். ஒரே அளவுக் குழாய் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே எடைதான். வலிமை அதிகம் என்பதால் சுவரை மெலிதாக்கலாம், இலாபம் அங்கேதான் வருகிறது. அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. ஒன்றேமுக்கால் அங்குல ரோல் பாருக்குச் சாதா எஃகில் சுமார் 3 மில்லிமீட்டர் சுவர் கேட்கிறது. குரோமோலியில் சுமார் 2.1 போதும் என்கிறது. மீட்டருக்கு 3.1 கிலோ, 2.2 கிலோ என்று கணக்கு வரும். ஆனால் ஒடுக்கு விழுவதைத் தடுப்பதில் சுவரின் கனத்துக்குப் பெரும் பங்குண்டு. மெலிந்த குரோமோலியை வெளியே கட்டிப் பாறையில் உரசவிடுவது பணத்துக்கும் கேடு, பாதுகாப்புக்கும் கேடு. வெளிக்கூண்டுக்குக் கனமான சாதா எஃகே ஏற்றது. குரோமோலிக்குச் செலவழிக்க வசதியிருந்தால் அதை உள்ளே செலவழியுங்கள், அதுவும் ஆர்கான் வெல்டிங்கில் கை தேர்ந்தவர் கிடைத்தால் மட்டும்.

இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கை: தண்ணீர்க் குழாய் வேண்டாம். ஐ.எஸ். 1239-இல் வரும் சி கிளாஸ் பைப் கையில் கனமாகத் தெரியும், கடையில் உடனே கிடைக்கும், ஆனால் அது தண்ணீர் கொண்டுபோகச் செய்தது. ஜி.ஐ. பைப்பில் துத்தநாகப் பூச்சு வெல்டிங்கையும் கெடுக்கும், வெல்டிங் செய்பவரின் நெஞ்சையும் கெடுக்கும். எஃப்.ஐ.ஏ. விதிப்படி வேண்டியது குளிர்நிலையில் இழுத்த, தையலில்லாத கார்பன் எஃகுக் குழாய்; இழுவலிமை குறைந்தது சதுர மில்லிமீட்டருக்கு 350 நியூட்டன். மெயின் ஹூப்புக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 சுவரும், அல்லது 50-க்கு 2. மற்றக் குழாய்களுக்கு 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2. வளைவின் ஆரம் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. குளிர்நிலையில் கிடைத்த வலிமையைக் கேஸ் சுடரில் பழுக்கவைத்து வளைக்கும்போது நாமே அழித்துவிடுகிறோம். மணல் நிரப்பிச் சூடாக்கி வளைக்கும் பழைய பழக்கம் கைப்பிடிக் கம்பிகளோடு நின்றுகொள்ளட்டும்.

இனி கால்கள். ஜிப்ஸி, தார், ஜிம்னி எல்லாமே ஏணிச் சேஸிஸ் வண்டிகள். சேஸிஸின் மேல் ரப்பர் புஷ்கள், அவற்றின் மேல் பாடி. கரடுமுரடான பாதையில் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும், பாடி அதற்கு மேல் தனியாக அசையும். வெளிக்கூண்டு ஸ்லைடர் வழியாகச் சேஸிஸில் நிற்பதால் அதன் காலுக்குக் கெட்டியான தரை கிடைக்கிறது. இது அதன் பெரிய பலம். ஆனால் வழியில் எங்காவது அதைக் கூரையோடோ தூணோடோ இறுக்கிக் கட்டிவிட்டால், சேஸிஸின் முறுக்கல் முழுவதும் அந்த ஒரு போல்ட்டில் வந்து விழும். சில மாதங்களில் தகரம் அங்கே விரியும்.

உள்கூண்டின் காலை மெல்லிய தரைத்தகட்டில் நிறுத்தினால் உருளும்போது குழாய் தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். கூண்டு முழுசாக இருக்கும், கூரை தலைக்கு வந்துவிடும். இதனால்தான் மெயின் ஹூப், முன்கால்கள் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள வலுவூட்டுத் தகடு வேண்டும் என்றும், போல்ட் போட்டால் எம்8 அளவில் குறைந்தது மூன்று, 8.8 தரத்தில் வேண்டும் என்றும் எஃப்.ஐ.ஏ. வலியுறுத்துகிறது. ஏணிச் சேஸிஸ் வண்டியில் தகட்டைப் பாடி புஷ் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே வைப்பது நல்லது. சுமை அப்படியே கீழே சேஸிஸுக்கு இறங்கிவிடும். காலைத் தரையினூடே இறக்கிச் சேஸிஸிலேயே நிறுத்துவதானால் இடையில் புஷ் வேண்டும். அப்போது சீட்டையும் பெல்ட்டையும் கூண்டோடு சேர்த்தே கட்ட வேண்டும். சீட் பாடியில், பெல்ட் கூண்டில் என்று இருந்து, விபத்தில் பாடி சேஸிஸை விட்டு நகர்ந்தால், ஆளை இரண்டு பக்கமும் இழுப்பது அவரைக் காப்பாற்ற வேண்டிய அந்த இரண்டு பொருள்களும்தான்.

பட்டறை வேலையில் வெளிக்கூண்டுக்கு ஒரு நேர்மை இருக்கிறது. வெல்டிங் செய்பவர் ஒவ்வொரு மூட்டையும் சுற்றி வரலாம். பிறகு எவரும் வந்து பார்த்துக் குறை சொல்லலாம். உள்கூண்டில் கூரையை ஒட்டிய மூட்டுகளின் மேல்பக்கம் கைக்கு எட்டாது. தெரிந்தவர்கள் கால்கள் நிற்கும் இடத்தில் தரையை வெட்டி, கூண்டைச் சில அங்குலம் கீழே இறக்கி, மேல் மூட்டுகளை முழுச்சுற்றும் வெல்டிங் செய்து, மீண்டும் தூக்கித் தகடு வைத்து மூடுவார்கள். மற்றவர்கள் தெரிகிற பக்கத்தை மட்டும் அழகாக முடித்துப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். உள்கூண்டு கட்டித் தரச் சொல்லும்போது, கூரையடி மூட்டை எப்படி வெல்டிங் செய்வீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அந்தப் பதிலிலேயே பட்டறை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். வெல்டிங்கின் முகட்டைக் கிரைண்டரால் வழித்து மழமழப்பாக்குவதையும் அனுமதிக்காதீர்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, உள்கூண்டுக்கு எதிராக நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது தலையைப் பற்றி. ஹெல்மெட் இல்லாத தலைக்கு ஒரு சாண் தூரத்தில் எஃகுக் குழாய் இருப்பது பெரிய ஆபத்து. ஆலையில் வந்த மூன்றுபுள்ளி பெல்ட்டோடு சந்தைக்குப் போகும் வழியில் ஒரு சாதாரண மோதல் நடந்தால், கூண்டில்லாத வண்டியில் தகரத்தில் இடித்து வீங்கும் தலை, இங்கே குழாயில் இடித்து உடையும். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் விரியும் வழியையும் குழாய் அடைத்துவிடும். ஏ.சி. பைப்புக்குச் சுற்றும் கருப்பு ஃபோமை மாட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். விரலால் அழுத்தினால் குழாய் தட்டுப்படும் பொருள் தலையைக் காக்காது. எஃப்.ஐ.ஏ. 8857-2001 அல்லது எஸ்.எஃப்.ஐ. 45.1 தரத்து உறை கல்போல இறுக்கமாக இருக்கும். அது ஹெல்மெட் போட்ட தலைக்கென்றே செய்தது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் முழு உள்கூண்டு வைக்காதீர்கள். இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

எடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 45-க்கு 2.5 குழாய் மீட்டருக்கு 2.6 கிலோ. 25 மீட்டர் போனால் 65 கிலோ, அதில் பெரும்பகுதி தோளுக்கு மேலே. வெளிக்கூண்டில் இது இன்னும் உயரத்தில், இன்னும் அகலத்தில் உட்காரும். பக்கச்சரிவில் வண்டி முன்னைவிடச் சீக்கிரம் சாயும். பொதுச்சாலையில் ஓடும் வண்டியானால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள ஆலை விவரங்களுக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கோவாவில் 2014-ல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற சேற்றுப் போட்டியில் வேகம் குறைவு, இணை ஓட்டுநர் வின்ச் கயிற்றோடு திரும்பத் திரும்பக் குதித்திறங்க வேண்டும். அங்கும் ஆட்களைக் காக்க உள்கூண்டுதான் வேண்டும், ஆனால் கதவுப்பக்கக் குழாய்களைத் தாண்டிச் சட்டென்று இறங்கும்படி தாழ்வாக அமைக்க வேண்டும். மணலில் வேகமாக ஓடும் ராஜஸ்தான் பந்தயங்களுக்குக் குறுக்குக் குழாய்கள் முழுமையாகப் போட்ட உள்கூண்டைத் தவிர வேறொன்றைப் பற்றி யோசிக்கவே கூடாது. கூரையில்லாத பழைய ஜீப்பில் மடங்கும் முன்கண்ணாடிச் சட்டம் எதையும் தாங்காது, அதற்கும் மெயின் ஹூப் அவசியம். வார இறுதியில் மலைப்பாதையில் மெதுவாக ஏறி, மற்ற நாளில் வீட்டாரை ஏற்றிப்போகும் கூரையுள்ள வண்டிக்குச் சேஸிஸில் கட்டிய ஸ்லைடர்களே போதும். பாறைதான் தினப்பாடு என்றால் வெளிக்கூண்டு, அதோடு பின்னிருக்கைக்குப் பின்னால், தலைகளுக்கு எட்டாத தூரத்தில், குறுக்குக் குழாயுள்ள ஒரு ஹூப். கூரையைத் துளைத்து இரண்டையும் தகடு வைத்து இணைத்தால் வெளிக்கூண்டில் இல்லாத முக்கோணம் உள்ளிருந்து கிடைத்துவிடும். அப்போது அந்த ஹூப்பும் தரையினூடே சேஸிஸில் நிற்க வேண்டும், கூரைத் துளையில் தகரத்தைத் தொடாமல் ரப்பர் மட்டும் அடைக்க வேண்டும்.

ஒருமுறை உருண்ட பிறகும் இரண்டையும் ஒரே மாதிரி நடத்தக்கூடாது. வெளிக்கூண்டில் ஒடுங்கிய துண்டை மூட்டோடு வெட்டி எடுத்துவிட்டுப் புதுக்குழாய் வைக்கலாம். இதற்காகவே அதற்குக் கெட்டியான பவுடர் கோட்டிங் கொடுக்காமல் மெல்லிய பெயிண்ட் அடிப்பது மேல், விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியும். உள்கூண்டில் மெயின் ஹூப் கொஞ்சம் விலகியிருந்தாலும் அதை ஜாக்கி வைத்து நிமிர்த்தி மறுபடி ஓட்டக்கூடாது. சான்று பெற்ற கூண்டைத் தயாரித்தவரோ அவருடைய ஒப்புதல் பெற்றவரோ தவிர வேறு யாரும் பழுதுபார்க்க எஃப்.ஐ.ஏ. அனுமதிப்பதில்லை. பட்டறையில் கட்டிய கூண்டானால் வளைந்த ஹூப்பை வெட்டி இரும்புக்கடைக்கு அனுப்பிவிட்டுப் புதிய குழாயில் தொடங்க வேண்டும்.