கலங்களை இழந்த கடற்படைத் தலைவர்

வென்ற தளபதிகளின் வரலாற்றை எழுதுவதற்கு ஆட்கள் குறைவில்லை. தோற்றவர் தாமே தம் தோல்வியை எழுதி வைத்துவிட்டுப் போவதுதான் அரிது. பதினாறாம் நூற்றாண்டில் துருக்கிய உஸ்மானியப் பேரரசின் கடற்படையில் உயர்பதவி வகித்த சைதீ அலீ ரெயிஸ் அத்தகைய அரிய மனிதருள் ஒருவர். 'ரெயிஸ்' என்பது குடிப்பெயரன்று. கப்பல் தலைவரைக் குறிக்கும் பட்டம்.

இஸ்தான்புல் நகரின் கலாத்தா கப்பல் கட்டும் துறையில் பணியாற்றிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1538ஆம் ஆண்டு ஐரோப்பியக் கூட்டுப் படையைக் கைருத்தீன் பார்பரோஸா முறியடித்த பிரெவேஸா போரிலும், 1551ஆம் ஆண்டு திரிப்போலியைக் கைப்பற்றிய படையெடுப்பிலும் பங்கு கொண்டார். கணிதமும் வானநூலும் கற்றவர். 'காத்திபீ' என்ற புனைபெயரில் கவிதையும் எழுதினார். போர்க்கலத்தின் மேல்தளத்தில் நின்றவருக்குக் கஸல் எதற்கு என்று கேட்க வேண்டாம். பின்னாளில் அவர் உயிரைக் காத்தவற்றுள் அதுவும் ஒன்று.

அவருக்கு வந்த பெரும்பதவி, எவரும் விரும்பி ஏற்கத் தக்கதாக இல்லை. அதன் பின்னணியை நாம் சற்று விரிவாகக் காண வேண்டும். போர்ச்சுகீசியர் ஹுர்முஸ் தீவைப் பிடித்துக்கொண்டு பாரசீக வளைகுடாவின் வாயிலை அடைத்திருந்தனர். 1552ஆம் ஆண்டு சூயஸ் துறையிலிருந்து புறப்பட்ட பீரீ ரெயிஸ், மஸ்கத்தைத் தாக்கி, ஹுர்முஸை முற்றுகையிட்டும் அதன் கோட்டையைப் பிடிக்க இயலாமல் பஸரா சென்றார். படையை அங்கேயே விட்டுவிட்டு ஒரு சில கலங்களோடு மட்டும் திரும்பினார். 1513ஆம் ஆண்டிலேயே அட்லாண்டிக் கடலின் இரு கரைகளையும் காட்டும் நிலப்படம் வரைந்த அந்த முதிய மேதைக்கு, கெய்ரோவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அடுத்து அனுப்பப்பட்ட முராத் ரெயிஸும் ஹுர்முஸைத் தாண்ட முடியாமல் பஸராவுக்கே திரும்பினார். மூன்றாவதாகத்தான் சைதீ அலீயின் பெயர் எழுதப்பட்டது. பஸராவில் கிடந்த 15 கலங்களையும் சூயஸ் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சுல்தான் சுலைமானின் கட்டளை அவ்வளவே. தவறினால் என்ன நேரும் என்பதை எவரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1554 ஜூலைத் தொடக்கத்தில் அவர் பஸராவிலிருந்து பாய்விரித்தார். ஆகஸ்டில் கோர்பக்கான் கடலருகே போர்ச்சுகீசியரின் 25 கலங்கள் எதிர்ப்பட்டன. அங்கே தப்பினார். பதினைந்து நாள் கழித்து மஸ்கத் அருகே அதைவிடப் பெரிய படை காத்திருந்தது. பிரெவேஸாவிலும் இத்தகைய கடும்போர் நடந்ததில்லை என்ற கருத்துப்பட அவர் எழுதுகிறார். அங்கே ஆறு கலங்கள் போயின, ஒன்பது எஞ்சின. இக்கணக்குகளைத் தந்தவர் குற்றச்சாட்டை எதிர்நோக்கியிருந்தவர் என்பதை நாம் மறக்கலாகாது. பகைவரின் தொகையைக் குறைத்துச் சொல்ல அவருக்குக் காரணம் இல்லை.

ஆயினும் அவரை வீழ்த்தியது பீரங்கி மட்டுமன்று. அவரிடமிருந்தவை துடுப்பு வலிக்கும் தாழ்ந்த கலங்கள். மத்தியதரைக் கடலின் அடக்கமான நீருக்கு ஏற்றவை. தென்மேற்குப் பருவக்காற்று சீறும் ஆகஸ்டு மாதத்தில் அவற்றோடு அரபுக் கடலில் இறங்குவது எத்தகையது என்பதைக் கடலோர மக்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. 'யானைப் புயல்' என்று மாலுமிகள் வழங்கிய பெரும்புயல் நாட்கணக்கில் அடித்தது. பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்கிறார். மேற்கே போக வேண்டிய கலங்கள் கிழக்கே அடித்துச் செல்லப்பட்டுக் குஜராத் கரையில் ஒதுங்கின. சூரத்தில் எஞ்சியவற்றையும் பீரங்கிகளையும் ஒப்படைத்தார். ஊதியம் இன்றி வாடிய வீரர்களில் பெரும்பாலோர் குஜராத் அரசிடமே பணியில் சேர்ந்துவிட்டனர். அவரோடு நின்றவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர்.

கலம் இல்லாத தளபதி அகமதாபாத்தில் அமர்ந்து ஒரு நூல் எழுதினார். 'முஹீத்' என்னும் அந்நூல் இந்தியப் பெருங்கடலின் காற்றுகளையும் வழிகளையும் விண்மீன் கணக்குகளையும் பத்து இயல்களில் தொகுக்கிறது. அரபு மாலுமிகளான அஹ்மத் இப்னு மாஜித், சுலைமான் அல்மஹ்ரீ ஆகியோரின் நூல்களே அதற்கு ஆதாரம். (வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் என்று நெடுங்காலம் பழி சுமந்தவர் இந்த இப்னு மாஜித், ஆய்வாளர் பலர் இன்று அதை ஏற்பதில்லை.) துருவமீன் அடிவானத்திலிருந்து எத்தனை விரல் உயரத்தில் நிற்கிறது என்பதை முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு பலகையால் அளப்பது அவர்கள் முறை. சோழமண்டலக் கரையின் மாலுமிகள் 'ராப்பலகை' என வழங்கிய கருவியும் இவ்வினத்தைச் சார்ந்ததே. இந்த அறிவு பஸராவில் புறப்படும்போதே அவர் கையில் முழுமையாக இருந்திருந்தால் ஜூலையில் நங்கூரம் எடுத்திருப்பாரா என்ற ஐயம் நமக்கு எழுகிறது.

இனி அவர் முன் இருந்த வழிகள் இரண்டு. குஜராத்திலேயே மதிப்போடு வாழ்ந்துவிடலாம். அல்லது பீரீ ரெயிஸுக்கு நேர்ந்ததை அறிந்துகொண்டே ஊர் திரும்பலாம். அவர் திரும்ப முடிவு செய்தார். கடல்வழியைப் போர்ச்சுகீசியர் அடைத்திருந்தமையால் தரைவழியே நடந்தார். சிந்து, முல்தான், லாகூர் கடந்து 1555ஆம் ஆண்டு தில்லியை அடைந்தார். இழந்த அரியணையை அப்போதுதான் மீட்டிருந்த ஹுமாயூன், கவிஞரும் வானநூலறிஞருமான விருந்தினரை விடுவதாக இல்லை. கிரகணங்களைக் கணித்துத் தரும்படி கேட்டு நிறுத்திக்கொண்டார். விடைபெறும் தறுவாயில், 1556 ஜனவரியில், நூலகப் படிகளில் தவறி விழுந்த ஹுமாயூன் சில நாட்களில் காலமானார். செய்தியை உடனே வெளியிட வேண்டாம் என்று அமீர்களுக்கு ஆலோசனை கூறியவர்களுள் நம் தளபதியும் ஒருவர். சுல்தான் சலீம் மறைந்தபோது துருக்கியில் அவ்வாறே செய்ததை எடுத்துக்காட்டினார். மன்னரைப் போன்ற தோற்றமுடைய ஒருவரை மக்களுக்குக் காட்டிச் சமாளித்தனர். பதின்மூன்று வயது அக்பர் பஞ்சாபில் முடிசூட அவகாசம் கிடைத்தது.

பின்னர் காபூல், சமர்கந்து, புகாரா. அஸ்த்ரகான் வழியாகச் செல்லும் எண்ணம், அந்நகரை ரஷ்யர் பிடித்துவிட்டமையால் கைகூடவில்லை. ஈரானில் ஐயத்தின்பேரில் பிடித்துவைக்கப்பட்டு, ஷா தஹ்மாஸ்பைக் கண்டு விடுதலை பெற்று, பக்தாத் வந்தார். 1557ஆம் ஆண்டு இஸ்தான்புல் சேர்ந்து, அங்கு இல்லாத சுல்தானைத் தேடி எதிர்னே நகருக்குச் சென்றார். பல நாட்டு மன்னர்களிடம் பெற்ற கடிதங்களை முன்வைத்து நின்றார். கலம் ஒன்றுகூட இல்லை.

சுலைமான் அவரைத் தண்டிக்கவில்லை. நான்காண்டு நிலுவை ஊதியத்தைக் கொடுக்கச் செய்து, நாளொன்றுக்கு 80 அக்சே வெள்ளிக்காசு சம்பளத்தில் பதவியும் வழங்கினார். பயணம் முழுவதையும் 'மிர்ஆத்துல் மமாலிக்' என்ற நூலாக அவர் எழுதி முடித்தார். 'நாடுகளின் கண்ணாடி' என்பது பொருள். அதன்பின் ஐந்தாண்டுகளே வாழ்ந்தார். சூரத்தில் விட்டுவந்த கலங்கள் சூயஸ் துறையை ஒருநாளும் காணவில்லை.