சாந்தா மரியா கப்பல் தொடர் (மால்டா, 1942)

இரண்டாம் உலகப்போரில் முற்றுகையில் சிக்கிய மால்டா தீவுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுவந்த பிரிட்டிஷ் கப்பல் தொடருக்கு மால்டா மக்கள் இட்ட பெயர். ராணுவப் பதிவுகளில் இது 'பெடஸ்டல் நடவடிக்கை'. புறப்பட்ட 14 வணிகக் கப்பல்களில் 9 மூழ்கின; 5 மட்டுமே கரை சேர்ந்தன. கடைசியாக வந்தது ஒகையோ என்ற எண்ணெய்க் கப்பல். குண்டுவீச்சில் உடைந்து, எந்திரமும் நின்றுபோன அதை இருபுறமும் போர்க்கப்பல்கள் அணைத்துப் பிடித்து வலேட்டா துறைமுகத்துக்கு இழுத்து வந்தன. அன்று ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள். பட்டினியின் விளிம்பில் தவமிருந்த கத்தோலிக்க மக்கள் அதை அன்னையின் கொடையாகவே ஏற்றனர். அவ்வாண்டு ஏப்ரல் 9 அன்றே, அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்ட மோஸ்டா ஆலயத்தின் குவிமாடத்தைத் துளைத்து விழுந்த குண்டு, நூற்றுக்கணக்கானோர் கூடியிருந்தும் வெடிக்கவில்லை. அதன் மாதிரி இன்றும் அங்கே வைக்கப்பட்டுள்ளது. இந்த நன்றியுணர்வை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு மால்டாவின் போர்க்கால வரலாற்றை எழுத முடியாது. உயிர் கொடுத்த நூற்றுக்கணக்கான மாலுமிகளையும் விண்ணேற்புத் திருநாளில் நினைவுகூர்கிறார்கள். அந்த நன்றியும் கடவுளுக்குச் சொல்லும் நன்றியும் அங்கு வேறு வேறல்ல. ஆகஸ்ட் 15 மால்டாவில் பொதுவிடுமுறை.