ஒரே ‘மாயாவி’, பல பதிப்பு! பழைய தமிழ் காமிக்ஸ் முதல் பதிப்பா, மறுபதிப்பா? கண்டுபிடிப்பது எப்படி?

மதுக்கரையில் ஒரு வீடு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க பரணை காலி செய்றாங்கன்னு வைங்க. பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னாடி சணல் கயிறு கட்டிய ஒரு கட்டு. பிரிச்சுப் பார்த்தா, அப்பா பாடப்புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்த காமிக்ஸ்கள். பழைய பேப்பர்காரர் எடைக்குக் கேட்கிறார். செல்போனில் தேடினால் அதே அட்டைப்படத்துக்கு ஆயிரக்கணக்கில் விலை போட்டிருக்கிறார்கள். எது சரி? ரெண்டுமே தப்பாக இருக்கலாம். கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரிந்தால்தான் விடை கிடைக்கும்.

எந்தெந்த காமிக்ஸ்கள்?

சிவகாசியில் இருந்து முத்து காமிக்ஸ் 1972 ஜனவரியில் வரத் தொடங்கியது. முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962-ல் தொடங்கிய தொடரின் தமிழ் வடிவம் இது. அதே சிவகாசியில் இருந்து 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. அதே 1984-ல் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ் பாண்ட் கதையோடு களமிறங்கி, 2005 வரை வந்தது. இவற்றோடு டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தின் இந்திரஜால் காமிக்ஸ் தமிழ்ப் பதிப்பும் உண்டு.

இங்கேயே ஒரு குழப்பம் இருக்கு. ‘மாயாவி புக் இருக்குங்க’ என்று யாராவது சொன்னால், எந்த மாயாவி என்று கேட்கணும். முத்து காமிக்ஸில் வருபவர் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடும் இரும்புக்கை மாயாவி. ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் முகமூடி வீரர், அதாவது ஆங்கிலத்தில் ‘பேண்டம்’. ரெண்டும் வேற வேற ஆள், வேற வேற புத்தகம்.

மறுபதிப்பு என்றால் போலியா?

இல்லவே இல்லை. வாசகர்கள் கேட்கக் கேட்க, பழைய கதைகளைப் பதிப்பகமே திரும்ப அச்சிடுவது வழக்கம். ‘காமிக்ஸ் கிளாசிக்ஸ்’ என்ற பெயரில் மறுபதிப்புக்கென்றே தனி வரிசையும் சிவகாசியில் இருந்து வந்தது. படிக்க மறுபதிப்பே போதும். ஆனால், மறுபதிப்பை முதல் பதிப்பு என்று சொல்லி விற்றால் அது ஏமாற்று வேலை. தெரியாமல் வாங்கினால் நஷ்டம். முதல் பதிப்பை எடைக்குப் போட்டால் அதைவிடப் பெரிய நஷ்டம்.

இது நம்மூர் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் ‘அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ்’ என்ற அலையைக் கிளப்பிய ராபர்ட் கிரம்ப்பின் ‘ஜாப்’ முதல் இதழ், 1968-ல் சான் பிரான்சிஸ்கோவில் வெளியானது. அதையும் பலமுறை அச்சிட்டார்கள். முதல் அச்சின் பின்னட்டையில் அச்சிட்டவர் சார்லஸ் பிளைமெல் என்று பெயர் இருக்கும். அடுத்த அச்சில் அந்தப் பெயர் இருக்காது. படம் ஒன்று, கதை ஒன்று. சேகரிப்பாளர்கள் தேடுவது அந்த ஒரு வரியை!

அடிப்படை விதி என்ன?

புத்தகத்தில் இருக்கும் அடையாளங்களில் மிகப் புதியது எது என்று பாருங்க. அந்த அடையாளம் நடைமுறைக்கு வருவதற்கு முன்னாடி அந்தப் பிரதி அச்சாகியிருக்க முடியாது. அட்டைப்படம், கதை, கதைக்குள் இருக்கும் எழுத்து எல்லாமே பழசாக இருக்கலாம். பழைய பக்கங்களை அப்படியே படம்பிடித்து அச்சிட்டிருந்தால் அவை மாறாது. மாறுவது முகவரி, விலை, விளம்பரம், ஆசிரியர் பக்கம் போன்ற சின்னச் சின்ன இடங்கள்தான்.

எங்கெங்கே பார்க்கணும்?

1. முகவரி: ஆறு இலக்க பின்கோடு இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15-ல்தான் அறிமுகமானது. ‘இரும்புக்கை மாயாவி’ முதல் இதழ் வந்தது ஜனவரியில். ஆக, பதிப்பக முகவரியில் பின்கோடு இருந்தால் அந்தப் பிரதி முதல் அச்சு கிடையாது.

2. மாவட்டம்: சிவகாசி முன்பு ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. இன்றைய விருதுநகர் மாவட்டம், காமராஜர் மாவட்டம் என்ற பெயரில் 1985-ல்தான் பிரிந்தது. இந்த ரெண்டு பெயரில் ஏதாவது ஒன்று இருந்தால் 1985-க்குப் பிந்தைய அச்சு.

3. எழுத்து: 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகளில் யானைத் துதிக்கை மாதிரி மேலே ஒரு சுழி இருக்கும். ‘ணா’, ‘றா’, ‘னா’ எழுத்துகளுக்குத் தனிக்கால் இருக்காது. புது எழுத்து இருந்தால், பெரும்பாலும் 1978-க்குப் பிந்தையது. பெரியாரின் இதழ்கள் 1935-லேயே மாறிவிட்டதால், இது வலுவான தடயம் மட்டும்தான், முழு ஆதாரம் அல்ல. பழைய எழுத்து இருப்பதாலேயே பழைய அச்சு என்றும் சொல்லிவிட முடியாது.

4. விலை: ₹ குறியீடு 2010 ஜூலையில் ஏற்கப்பட்டது. அட்டையில் அது அச்சாகியிருந்தால் அதற்குப் பிந்தைய பதிப்பு. ஆனால், பழைய விலை மேல் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பி முடிவெடுக்காதீங்க. ஸ்டாக்கில் கிடந்த பழைய பிரதியைப் புது விலைக்கு விற்றிருக்கலாம்.

5. விளம்பரம்: ‘அடுத்த வெளியீடு’ பக்கமும் வாசகர் கடிதங்களும்தான் நல்ல சாட்சி. கையில் இருப்பது ஐந்தாவது இதழ், ஆனால் விளம்பரத்தில் ஐம்பதாவது இதழ் வெளிவந்ததாகச் சொன்னால், விஷயம் முடிஞ்சுது. இணையதள முகவரி, செல்போன் எண் இருந்தாலும் அப்படித்தான்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்தாள் பழுப்பேறி, அட்டை மட்டும் பளபளன்னு இருந்தால் உஷார். கிழிந்துபோன அட்டைக்குப் பதில் கலர் ஜெராக்ஸ் போட்டிருக்கலாம். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால், அந்தத் துருக்கறை உள்பக்கத்தில் மட்டுமல்ல, அட்டையிலும் அதே இடத்தில் இருக்கணும்.

பல வீடுகளில் பத்து, இருபது இதழைச் சேர்த்து பைண்டிங் போட்டிருப்பார்கள். பைண்டிங்கில் ஓரம் வெட்டப்பட்டிருக்கும். பல நேரம் அட்டையும் விளம்பரப் பக்கமும் கழற்றப்பட்டிருக்கும். அப்போது மதிப்பும் குறையும், பதிப்பைக் கண்டுபிடிக்கும் தடயமும் போய்விடும். அதற்காக இப்போது பைண்டிங்கைப் பிரிக்காதீங்க. பிரித்தால் தாள் கிழியும்.

விற்பதற்கு முன் என்ன செய்யணும்?

முன்னட்டை, பின்னட்டை, முகவரி இருக்கும் பக்கம், விளம்பரப் பக்கம் ஆகிய நான்கையும் போட்டோ எடுத்து வையுங்க. வாங்குபவர் என்றால், ஆன்லைனில் பணம் அனுப்பும் முன் இந்த நான்கு படத்தையும் கேளுங்க. அட்டைப்படம் மட்டும் அனுப்பினால் போதாது. உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் வாங்கினால், கையில் எடுத்துப் புரட்டியே பார்த்துவிடலாம்.

கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்ட வேண்டாம். நாளடைவில் பசை மஞ்சளாகித் தாளைக் கெடுத்துவிடும். லேமினேஷனும் கூடாது. ஈரமில்லாத இடத்தில் படுக்கை வசமாக அடுக்கி, ராமபாணப் பூச்சி வராமல் அடிக்கடி பார்த்துக்கொண்டாலே போதும்.

‘கெட்டுப்போகும் பிள்ளை’ என்று திட்டு வாங்கிக்கொண்டே படித்த புத்தகங்கள் இவை. அதனால் பலரும் பத்திரப்படுத்தவில்லை. மிச்சம் இருப்பதில் நிறைய, இப்படிப் பரண்களில்தான் கிடக்கின்றன. விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்க இஷ்டம். ஆனால், பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்கும் முன், முகவரி இருக்கும் பக்கத்தை மட்டும் ஒருமுறை திருப்பிப் பார்த்துடுங்க.