பேர்ஜெஸ் களிப்பாறையும் அதனை வாசித்தோரும்

கனடாவின் பிரித்தானிய கொலம்பிய மலைகளில், 1909ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், சார்ள்ஸ் வோல்கொற் என்னும் புவிச்சரிதவியலாளரின் மனைவி ஏறிவந்த குதிரை ஒரு கல்லில் இடறிற்று. அக்கல்லைப் பிளந்தபோது எவரும் கண்டிராத உயிர்ச்சுவடுகள் வெளிப்பட்டன. பனி நெருங்கியமையால், அக்கல் பெயர்ந்த படையைத் தேட மறு ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. இது நெடுங்காலம் வழங்கிவந்த கதை. வோல்கொற்றின் நாட்குறிப்போ, அவர்கள் அடுத்த நாட்களிலும் அங்கேயே நின்று சுவடுகள் சேகரித்ததைக் கூறுகிறது. இதனை எடுத்துக்காட்டியவர் ஸ்ரீவன் ஜே கூல்ட். மூலச்சான்றின்முன் கர்ணபரம்பரைக் கதை தளர்வது வரலாற்று மாணவர்க்குப் புதிதன்று. ஆயின் இங்கு மூலச்சான்றாகிய கல்லே பலமுறை பிழையாக வாசிக்கப்பட்டது.

ஏறத்தாழ 50 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், கம்பிரியன் காலக் கடலடியிற் சரிந்த சேறு அங்கு வாழ்ந்த விலங்குகளை விரைந்து மூடிற்று. பிறவிடங்களில் ஓடு முதலிய வன்பகுதிகளே பெரும்பாலும் எஞ்ச, இங்கோ குடலும் கண்ணும் கூடப் பதிந்துள்ளன. வோல்கொற் சுமார் 65,000 மாதிரிகளை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்திற் சேர்த்தார். அந்நிறுவனத்தின் செயலாளரும் அவரே, ஆராய ஓய்வேது? கண்டவற்றை அறிந்த இனங்களுள் அடக்கினார். இதற்காகக் கூல்ட் அவரைக் கடிந்துரைப்பது சற்று மிகையே. ஒப்பிட வேறு சான்றில்லாத ஒருவர் அறிந்ததைக் கொண்டன்றி அறியாததை எங்ஙனம் அளப்பது?

ஒரு சிற்றுயிரின் சரிதம் இதனைத் தெளிவாக்கும். வோல்கொற் அதனை 1911இல் கடற்புழுவென்றார். அரை நூற்றாண்டின்பின் கேம்பிரிட்ஜில் ஹரி விற்றிங்ரன் மீளாய்வைத் தொடங்க, அவர் மாணவர் சைமன் கொன்வே மொறிஸ் 1977இல் அதனைத் தனிப்பிறவியெனக் கொண்டு 'ஹலூசிஜீனியா' எனப் பெயரிட்டார். ஏழு இணை முட்களால் நடந்து, முதுகில் ஒற்றை வரிசைக் குழாய்களைத் தாங்கிய விந்தை உயிர் அது! மறைந்தொழிந்த உடலமைப்புகளுக்கு எடுத்துக்காட்டாகக் கூல்ட் 1989இல் அதனையும் காட்டினார். இரண்டே ஆண்டுகளில் சீனத்தின் செங்ஜியாங் சுவடுகள் அவ்வாதத்தைத் தளர்த்தின. அவற்றோடு ஒப்பிட்ட ராம்ஸ்கோல்ட், ஹூ ஆகியோர், முட்கள் முதுகுக் காப்பென்றும், குழாய்களே கால்களென்றும், அவற்றின் மறு வரிசை பாறையுள் மறைந்திருந்ததென்றும் காட்டினர். தலைகீழாக நின்ற உயிர் நிமிர்ந்தது. இன்றும் ஈரக்காடுகளில் ஊரும் வெல்வெற் புழுக்களின் உறவாயிற்று.

அதன்பின்னும் முன்னெது, பின்னெது என்னும் ஐயம் தீரவில்லை. 2015இல் ஸ்மித், கரோன் ஆகியோர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, தலையெனக் கருதப்பட்ட உருண்டை, உடலிலிருந்து பிதுங்கிய பாய்மத்தின் கறையெனக் கண்டனர். எதிர் முனையிலே இரு கண்களும், வாயைச் சூழ்ந்த பற்களும் இருந்தன.