மிளகுக் கணக்கின் பின்பக்கத்தில் ஒரு கவிதை

1132 அக்டோபரில் மங்களூரில் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது. ஆஷு என்னும் துளுநாட்டு அடிமைப் பெண் அன்று முதல் சுதந்திரப் பெண். பெராகா என்ற எபிரேயப் பெயரும் அவளுக்குக் கிடைத்தது. பத்திரத்தைத் தன் கையாலேயே எழுதியவர் அவளுடைய எஜமானர், ஆபிரகாம் பென் யீஜூ. பின்னர் அவளையே அவர் மணந்துகொண்டார் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

அப்போது சோழநாட்டில் விக்கிரம சோழன் ஆண்டுகொண்டிருந்தான். அவன் அவையில் ஒட்டக்கூத்தர் பாடிக்கொண்டிருந்தார். அதே காலத்தில், அதே தென்னிந்தியாவின் மேற்குக் கரையில் இன்னொருவர் எபிரேய மொழியில் கவிதை எழுதிக்கொண்டிருந்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

பென் யீஜூ வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியாவின் மஹ்தியா நகரத்தில் பிறந்த யூதர். ஏடன் துறைமுகம் வழியாக மலபாருக்கு வந்தவர் சுமார் பதினேழு ஆண்டுகளை இந்தக் கரையோடு பிணைந்து கழித்தார். மிளகு, ஏலக்காய், பாக்கு, இரும்பு ஆகியவற்றை மேற்கே அனுப்பினார். மங்களூரில் அவருக்கு ஒரு பித்தளைப் பட்டறையும் இருந்தது. ஏடன் வணிகர்கள் உடைந்த பாத்திரங்களையும் செம்பையும் கப்பலில் அனுப்புவார்கள். இங்குள்ள கைவினைஞர்கள் அவற்றை உருக்கி, கேட்ட அளவில் புதுப் பாத்திரங்களாகச் செய்து திருப்பி அனுப்புவார்கள். போன எடை, வந்த எடை, செய்கூலி எல்லாம் கடிதங்களில் பதிவாகியிருக்கின்றன. வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ள பொம்மா என்ற உள்ளூர் அடிமையை அவர் ஏடனுக்கே அனுப்பினார். அமிதாவ் கோஷ் 1992இல் வெளியிட்ட ‘இன் ஆன் ஆன்டிக் லேண்ட்’ நூல் இந்த பொம்மாவின் தடத்தைத் தேடிப் போன கதைதான்.

ஏடனிலிருந்து வந்த அன்பளிப்புகளில் திராட்சை, சர்க்கரையோடு காகிதமும் இருந்தது. ஓலையில் எழுதும் நாட்டில் காகிதம் கிடைப்பது அரிது. அதனால் பென் யீஜூ ஒரு தாளையும் வீணாக்கவில்லை. வந்த கடிதத்தின் ஓரத்திலும் பின்பக்கத்திலும் கணக்கு எழுதினார், கவிதைக்கு வரைவு போட்டார். கடிதங்களின் மொழி அரபு, எழுத்து எபிரேயம். கவிதை என்று வந்தால் மொழியும் எபிரேயமாகிவிடும். ஏடன் யூதர்களின் தலைவரும் தன் வணிகக் கூட்டாளியுமான மத்முனைப் புகழ்ந்து அவர் பாடியிருக்கிறார். பிற்காலத்தில் ஏமனில் சமயச் சட்டம் குறித்துத் தீர்ப்புரைகளும் எழுதினார்.

வணிகரும் புலவரும் ஒரே ஆளாக இருப்பது அந்தச் சமூகத்தில் புதுமையாகக் கருதப்படவில்லை. பத்தாம் நூற்றாண்டில் துனாஷ் பென் லப்ராத் அரபு யாப்பை எபிரேயத்துக்குள் கொண்டுவந்தார். அதிலிருந்து ஸ்பெயினில் ஒரு பெரும் கவிதை மரபு எழுந்தது. கிரனாடாவின் அமைச்சராக இருந்த சாமுவேல் ஹ-நாகித் அரசியலுக்கு நடுவே கவிதை எழுதினார். அந்த மரபின் உச்சமாகப் போற்றப்படும் யூதா ஹலேவி மருத்துவம் பார்த்தார், வணிகத்திலும் ஈடுபட்டார். அவருடைய நெருங்கிய நண்பர் ஹல்ஃபோன் பென் நத்தனேல் இந்தியாவுக்கே வந்துபோன வணிகர். 1140இல் புனித நாட்டை நோக்கிப் புறப்பட்ட ஹலேவி எகிப்தில் இறங்கியபோது அவரை வரவேற்ற வட்டத்தில் ஹல்ஃபோனும் இருந்தார். ஹல்ஃபோனுக்கு ஹலேவி தன் கைப்பட எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன.

மைமோனிடிஸின் வாழ்க்கையிலும் இந்தியக் கடல் குறுக்கிட்டது, கொடுமையாக. யூதச் சட்டம் முழுவதையும் ‘மிஷ்னே தோரா’ என்ற பெயரில் எபிரேயத்தில் தொகுத்தளித்த பேரறிஞர் அவர். அவர் படிப்பில் ஆழ்ந்திருக்க, ரத்தின வியாபாரம் செய்து குடும்பத்தைத் தாங்கியவர் தம்பி தாவீது. இந்தியாவுக்குக் கப்பலேறிய தாவீது கடலில் மூழ்கி இறந்தார். அந்தச் செய்தி கேட்டு ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்ததாக மைமோனிடிஸ் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். பிழைப்புக்காக அவர் மருத்துவத்தை நம்ப வேண்டிவந்தது அதன் பிறகுதான்.

இவ்வளவும் நமக்குத் தெரியவந்ததற்குக் காரணம் ஒரு வழக்கம். கடவுளின் பெயர் எழுதப்பட்ட தாளை யூதர்கள் குப்பையில் போட மாட்டார்கள். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படிப்பட்ட தாள்களுக்கென்று ‘கெனிசா’ என்ற அறை இருந்தது. எபிரேய எழுத்தில் இருந்தால் போதும், வேதமானாலும் வண்ணான் கணக்கானாலும் அங்கே சேர்ந்தது. 1896–97இல் சாலமன் ஷெக்டர் அதன் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அங்கு மட்டும் சுமார் 1,93,000 துண்டுகள் உள்ளன. மற்றவை பல நாட்டு நூலகங்களுக்குச் சிதறின. சிதறிய துண்டுகளில் கையெழுத்தை ஒப்பிட்டு, பென் யீஜூவின் வாழ்க்கையை மீட்டெடுத்தவர் எஸ். டி. கோய்டைன். அவர் 1985இல் மறைந்த பின் அந்த வேலையை மொர்தெகாய் ஃபிரீட்மன் தொடர்ந்தார்.

தமிழில் இதற்கு நேர்மாறான வழக்கமும் இருந்தது. செல்லரித்த ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டார்கள். எத்தனை நூல்கள் அப்படிப் போயினவோ! போகாமல் காத்தவை மடங்களும் சில குடும்பங்களும். செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூர் சமண மடம் இன்றும் ஓலைச்சுவடிகளை வைத்திருக்கிறது. சிறுபான்மையாகச் சுருங்கிவிட்ட ஒரு சமூகம் தன் எழுத்தை எவ்வளவு பிடிவாதமாகக் காக்கும் என்பதைக் கெய்ரோ வரை போகாமல் அங்கேயே பார்க்கலாம். ஆனால் மடத்தில் தங்குவது நூல். கெனிசாவில் நூலோடு கடனும் சண்டையும் கண்ணீரும் சேர்ந்து தங்கின. ஒட்டக்கூத்தரின் பாடல் நமக்கு இருக்கிறது. அவர் வீட்டுச் செலவுக் கணக்கு இல்லை. பென் யீஜூவுக்கு இரண்டும் இருக்கின்றன.

1149இல் அவர் இந்தியாவை விட்டு, மகனோடும் மகளோடும் ஏடன் சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் சிசிலியின் மன்னன் ரோஜர் மஹ்தியாவைப் பிடித்திருந்தான். உறவினர்கள் ஊரை விட்டுச் சிதறிப்போயிருந்தார்கள். சகோதரர்களைத் தன்னிடம் வந்து சேரும்படி அழைத்து அந்தச் செப்டம்பரில் அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. சம்பாதித்ததை அவர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்பினார். ஆனால் மகன் இறந்துபோனான். மகளைத் தன் மகனுக்குக் கேட்டார் ஏடன் நண்பர் ஒருவர். பென் யீஜூ இசையவில்லை. அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவனுக்கே கொடுப்பேன் என்றிருந்தார். 1156இல் எகிப்தில் அந்தத் திருமணம் நடந்தது.

மலபாரில் எபிரேயம் அவரோடு முடிந்துவிடவில்லை. சேந்தமங்கலத்தில் இஸ்ரேல் என்பவரின் மகள் சாராவின் கல்லறைக் கல் 1269ஆம் ஆண்டுக்குரியது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த நெகேமியா மோத்தாவின் எபிரேயப் பாடல்களைக் கொச்சி யூதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள். அவருடைய கல்லறையில் யூதர்கள் மட்டுமின்றி மற்ற மதத்தவரும் விளக்கேற்றுகிறார்கள்.

இந்த வரலாற்றில் தமிழருக்கும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. சுமார் ஆயிரமாவது ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ண உரிமையையும் 72 சலுகைகளையும் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. அதே அஞ்சுவண்ணம் இராமநாதபுரக் கரையின் தீர்த்தாண்டதானபுரத்துக் கல்வெட்டிலும் வருகிறது. யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் எனக் கடல் கடந்து வந்த வணிகர்கள் அடங்கிய குழு அது என்று கல்வெட்டறிஞர் சுப்பராயலு விளக்கியிருக்கிறார். கல்லில் நமக்குக் கிடைப்பது குழுவின் பெயரும் அது கொடுத்த கொடையும். அந்தக் குழுவினரைப் போன்றவர்கள் என்ன சாப்பிட்டார்கள், யாருக்காக அழுதார்கள், எந்தத் தாளில் கவிதை எழுதினார்கள் என்பதைச் சொல்ல கெனிசாத் தாள்கள் இருக்கின்றன. நம் கடற்கரைக் கல்வெட்டுகளையும் அந்தத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் ஆய்வு தமிழில் வளர வேண்டும்.