ரிப்பீட்டர் சில்லு: பட்டியலில் இல்லாத தரவு வீதங்களுக்கான அமைப்பு

ரிப்பீட்டர் சில்லு என்பது, செம்புத் தடத்தில் ஓடும்போது மங்கிச் சிதையும் அதிவேக மின்சைகையை இடையில் வாங்கிச் சீராக்கி மேலே அனுப்பும் ஒருங்கிணைந்த சுற்று. இதில் இரண்டு வகை உண்டு. ரீடிரைவர், தடம் விழுங்கிய உயர் அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுத்துப் பெருக்குவதோடு நின்றுவிடும்; வினாடிக்கு எத்தனை பிட் வருகிறது என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. ரீடைமர் அப்படியல்ல. வரும் சைகையிலிருந்தே கடிகாரத்தை மீட்டு, ஒவ்வொரு பிட்டும் 0 ஆ 1 ஆ என்று தீர்மானித்து, புதிதாக எழுதி அனுப்பும். சேர்ந்த இரைச்சலும், ஜிட்டர் எனப்படும் நேர நடுக்கத்தின் பெரும்பகுதியும் அங்கேயே கழிந்துவிடும். ஆனால் வீதம் என்னவென்று அதற்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். நியமப் பட்டியலில் இல்லாத வீதங்களின் சிக்கல் முழுவதும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

கடலடிக் கேபிள்களின் வரலாறும் இதே கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது. 1988இல் இயங்கத் தொடங்கிய டாட்-8 அட்லாண்டிக் கேபிளில், கடலுக்கடியில் இருந்த ரிப்பீட்டர்கள் ஒளியை மின்சைகையாக மாற்றி, கடிகாரம் மீட்டு, மறுபடி ஒளியாக்கின. இழை ஒன்றுக்கு 280 மெகாபிட் என்ற வீதம் கடலடியிலேயே நிலைத்துவிட்டது. கரையில் எந்தக் கருவியை மாற்றினாலும் அதைக் கூட்ட முடியாமல் இருந்தது. 1990களில் எர்பியம் கலந்த இழைப் பெருக்கிகள் வந்த பிறகே அந்தக் கட்டு அவிழ்ந்தது. அவை ஒளியை ஒளியாகவே பெருக்குகின்றன, பிட்களை எண்ணுவதில்லை.

தூத்துக்குடியிலிருந்து இலங்கை செல்லும் கேபிள் ஒரு படி மேலே போனது. அந்தக் கரையிலிருந்து கொழும்பை அடுத்த கல்கிசைக்கு பி.எஸ்.என்.எல். நிறுவனமும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து அமைத்த பாரத் லங்கா கேபிள் 2006இல் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 320 கி.மீ. கடலடியில் ஒரு ரிப்பீட்டர்கூட இல்லை. கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் இழப்பு என்று கொண்டால் மொத்தம் 64 டெசிபல்: அனுப்பிய ஒளியில் 25 லட்சத்தில் ஒரு பங்குதான் அக்கரை சேரும். இத்தகைய தடங்களில் பெருக்கும் வேலை, பிழை திருத்தும் வேலை இரண்டும் கரைக் கருவிகளின் பொறுப்பு. வீதத்தை மாற்ற நினைத்தால் கடலைத் தொட வேண்டாம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குச் சென்று 2020இல் திறக்கப்பட்ட கேபிளில் கடலடியில் கருவியே இல்லாமல் முடியவில்லை; தூரம் 1000 கி.மீ.க்கு மேல் என்பதால் நடுவே பெருக்கிகள் தேவைப்பட்டன.

பிழை திருத்தத்துக்காகக் கூடுதல் பிட்களைச் சேர்க்கும்போது வீதம் உயர்கிறது. 9.95328 கிகாபிட்டாக இருந்த எஸ்.டி.எம்-64 சைகை, ஓ.டி.யு.2 என்னும் பிழைதிருத்த உறைக்குள் போனதும் ஏறத்தாழ 10.709 ஆகிறது. தயாரிப்பாளர்கள் தாமே வகுத்த திருத்தமுறைகளில் இன்னும் வேறு எண்கள் வரும். கரை நிலையத்தின் சுற்றுப்பலகையில் சில பத்து சென்டிமீட்டர் செம்பைத் தாண்டவே ரீடைமர் தேவைப்படுகிற இடத்தில், அந்த எண்ணை அதற்குக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.எஸ்.110டி.எஃப்.410 சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் உள் அலையியற்றி 8.5 முதல் 11.3 கிகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே ஓடும். அதற்குக் கீழான வீதங்களை 2, 4, 8 ஆல் வகுத்துப் பெற வேண்டும். வீதம் 2.75 கிகாபிட் என்றால் வகுப்பெண் 4, அலையியற்றி 11 கிகாஹெர்ட்ஸ். 25 மெகாஹெர்ட்ஸ் மேற்கோள் கடிகாரத்தை வைத்துச் சில்லு தன் வேகத்தைச் சரிபார்க்கும் எண்ணிக்கை, கிகாஹெர்ட்ஸில் சொன்ன அலையியற்றி வேகத்தின் 1280 மடங்கு: இங்கே 14080. இதை 256ஆல் வகுத்தால் ஈவு 55, மீதி 0. மீதி கீழ்ப் பதிவேட்டிலும் ஈவு மேல் பதிவேட்டிலும் போகும். மேல் பதிவேட்டின் உச்ச பிட்டையும் 1 ஆக்க வேண்டும். அப்போதுதான் நாம் எழுதிய எண் நடைமுறைக்கு வரும். 55 என்பது 183 ஆகிவிடும். கணக்குச் சரியாக இருந்தும் சில்லு பழைய வீதத்திலேயே தேடிக்கொண்டிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது இந்த பிட்டைத்தான்.

சில்லு வீதத்தைப் பிடித்துவிட்டதாகக் காட்டும் லாக் விளக்கு எரிவதை மட்டும் நம்பக் கூடாது. ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் சைகையில், கடிகார மீட்பு உண்மை வீதத்தின் பின்னமொன்றில் போய் நின்றுவிடக்கூடும். நீண்ட போலித் தற்செயல் வரிசையை அனுப்பிப் பிழைகளை எண்ணுவதும், சில்லிலேயே உள்ள கண் வரைபட அளவியில் கண் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பதும் தேவை. மேற்கோள் கடிகாரத்தின் பங்கையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வெளியேறும் பிட்களின் வேகம் வரும் தரவிலிருந்தே பிறக்கிறது. 25 மெகாஹெர்ட்ஸ் படிகம், தேடலை உரிய எல்லைக்குள் நிறுத்தும் காவல் மட்டுமே.

எந்தக் கணக்கும் உதவாத இடங்களும் உண்டு. 8.5–11.3 எல்லையை 2ஆல் வகுத்தால் 4.25–5.65 கிடைக்கிறது. 5.65க்கும் 8.5க்கும் இடையே இருப்பது வெற்றிடம். 6 கிகாபிட் சைகைக்கு இந்தச் சில்லில் லாக் கிடைக்காது, 2.825 முதல் 4.25 வரையும் அதே நிலை. அங்கே கடிகார மீட்பைத் தாண்டிச் செல்லும்படி அமைத்து, ரீடைமரை வெறும் ரீடிரைவராக ஓட்டலாம். சைகை பெருகும், நடுக்கம் கழியாது. அப்படி இரண்டு மூன்று சில்லுகள் வரிசையாக வந்தால் நடுக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும் என்பதால், தடத்தில் ஒரே ஒரு சில்லு இருக்கும் பலகைகளுக்கே இந்த வழி ஏற்றது. மற்றவற்றுக்கு அலையியற்றி எல்லை வேறான ஒரு சில்லைத் தேர்ந்தெடுப்பதே சரி.